பசுவின் மடியில் ஒரு படை

கறவை மாடு வைத்திருப்பவரிடம் "எந்த நோய்க்கு அதிகம் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டால் கோமாரி என்று சொல்வார், இல்லாவிட்டால் அடைப்பான் என்பார். பயப்பட வேண்டிய நோய்கள்தான். ஆனால் உலகத்தின் பால் பண்ணைக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு அதிகப் பணத்தைத் தின்பது அந்த இரண்டும் இல்லை. மடிநோய்தான். மடி வீங்கி, சூடாகி, பால் திரிந்து தண்ணீராகவும் கட்டியாகவும் வரும் நோய். சில சமயம் ரத்தமும் கலந்து வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன அறிகுறிகள் எல்லாம் தெரிகிற மாடு, மடிநோய் உள்ள மாடுகளில் ஒரு சிறு பங்குதான். மீதி மாடுகளுக்கு மடி வீங்காது, பால் வெள்ளையாகவே இருக்கும், மாடு நன்றாகத் தீவனம் எடுக்கும். ஆனால் உள்ளே கிருமி இருக்கும். பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மாட்டுக்காரர் "இந்த ஈத்துல பால் கம்மி" என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். நோய் என்றே தெரியாததால் இந்த நஷ்டத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. எழுதப்படாத நஷ்டத்தைக் குறைக்கவும் யாரும் முயற்சி செய்ய மாட்டார்கள்.

இந்த மறைந்த நோயைக் கையளவு தட்டில் பத்து, இருபது வினாடிகளில் வெளியே கொண்டுவந்த ஆராய்ச்சியாளர் ஆஸ்கர் வில்லியம் ஷால்ம் (1909–1982). அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றியவர். அவர் பெயர் சொன்னால் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு தடிமனான ரத்தவியல் புத்தகம் நினைவுக்கு வரும். அவர் மடிநோயில் செய்த வேலையை அந்தத் துறைக்கு வெளியே அதிகம் பேர் பேசுவதில்லை. ஆனால் பாலில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி உலகம் வைத்திருந்த எண்ணத்தை அவர் இரண்டு முறை மாற்றினார். அதுவும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில்.

முதலில் மடியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வெளியிலிருந்து பார்க்க ஒரே மடியாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு தனித்தனிச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. ஒன்றில் சுரக்கும் பால் இன்னொன்றுக்குப் போக வழி கிடையாது. அதனால்தான் ஒரு காம்பில் நோய் இருக்கும்போதே மற்ற மூன்றும் சுத்தமாக இருக்க முடிகிறது. காம்பின் நுனியில் இருக்கும் சிறு துளைதான் கிருமிக்கு வாசல். பால் கறந்து முடித்ததும் அந்தத் துளை உடனே மூடிக்கொள்ளாது. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை தளர்ந்தே இருக்கும். கறந்த உடனே தீவனம் போட்டு மாட்டை நிற்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான். படுத்துவிட்டால் சாணியும் சேறும் நேரே வாசலில் போய் ஒட்டும்.

மடிநோய்க்குக் கிருமிதான் காரணம் என்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெரிய வந்தது. 1880-களில் பிரான்சில் நோக்கார், மொல்லெரோ என்ற இருவர், மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றும் மடிநோயில் சங்கிலி சங்கிலியாகக் கோர்த்தது போன்ற ஒரு கிருமியைக் கண்டார்கள். இன்று அதன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. அகலாக்டியே என்றால் பால் இல்லாமல் போவது. பொருத்தமான பெயர்தான்.

கிருமி ஒரு பக்கம் இருக்க, பாலை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். பசுவின் உடம்பிலிருந்தே வந்த அணுக்கள். பெரும்பாலும் வெள்ளணுக்கள். சீழில் இருப்பதும் அதே வெள்ளணுக்கள்தான். "அப்படியானால் நாம் குடிப்பது சீழா?" என்று நகரச் சுகாதார அதிகாரிகள் பதறினார்கள். வெள்ளணு அதிகம் இருந்தால் அந்தப் பாலை விற்கக் கூடாது என்று ஒரு கட்சி. எல்லாப் பாலிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்று இன்னொரு கட்சி. 1910-ல் பிரெஸ்காட், பிரீட் என்ற இருவர், குறிப்பிட்ட அளவு பாலைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, அணுக்களை நேரடியாக எண்ணும் முறையைக் கொடுத்தார்கள். எண்ணத் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் ஒவ்வொரு மாட்டின் நான்கு காம்புக்கும் தனித்தனியாக ஒருவர் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து எண்ண வேண்டும். நூறு மாடு இருக்கும் பண்ணையில் நடக்கிற காரியமா?

இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் பென்சிலின் பண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தது. காம்புத் துளை வழியாக மருந்தை மடிக்குள் ஏற்றினால் நோக்கார் கண்ட கிருமி மளமளவென்று செத்தது. மடிநோயின் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். முடியவில்லை. காலியான இடத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு கிருமி வந்து உட்கார்ந்தது. மடியின் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் கட்டிக்கொண்டு, வெள்ளணுக்களுக்கு உள்ளேயே ஒளிந்துகொண்டு, மருந்துக்கு எட்டாமல் வருடக்கணக்கில் வாழக்கூடியது. போதாததற்கு, மருந்து ஏற்றிய மாட்டின் பால் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்குப் போனபோது அங்கே பாலைப் புளிக்க வைக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்தது. எந்த மாட்டுக்கு, எந்தக் காம்பில் நோய் என்று தெரியாமல் மருந்து ஏற்றுவதில் அர்த்தமில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

டேவிஸ் வளாகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி 1948-ல் முதல் வகுப்பைத் தொடங்கியது. அந்த ஆரம்ப காலத்து ஆசிரியர்களில் ஷால்ம் ஒருவர். மடிநோயில் அவருக்கு முன்பே ஈடுபாடு உண்டு. அவருக்கு முன்னால் ஒரு துப்பும் கிடந்தது. 1939-ல் கனடாவில் ஒயிட்சைடு என்பவர், பாலில் சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தைச் சில சொட்டு விட்டுக் கலக்கினால் நோயுள்ள பால் மட்டும் கெட்டியாகித் திரிதிரியாக இழுபடும் என்று எழுதியிருந்தார். வேலை செய்கிற சோதனைதான். ஆனால் ஆய்வகத்துக்குப் பொருந்திய அளவுக்குத் தொழுவத்துக்குப் பொருந்தவில்லை.

ஷால்மும் நூர்லாண்டர் என்பவரும் அந்தக் காரத்தோடு சோப்புக்கரைசலைச் சேர்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆல்கைல் அரைல் சல்போனேட். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அன்றைய அமெரிக்க வீடுகளில் துணி துவைத்த சலவைத்தூளில் இருந்த அதே வகைச் சரக்குதான். கூடவே ப்ரோமோக்ரெசால் பர்ப்பிள் என்ற ஊதா நிறச் சாயம் கொஞ்சம். 1957-ல் இதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். அதற்குக் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுக்க அதை சி.எம்.டி. என்ற மூன்று எழுத்தில்தான் சொல்கிறார்கள்.

சோதனை செய்யும் விதம் இதுதான். கைப்பிடியுள்ள ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு. அதில் நான்கு குழிகள், நான்கு காம்புக்கு. முதல் பீய்ச்சலைக் கீழே விட்டுவிட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் அதற்குரிய குழியில் கொஞ்சம் பால் பீய்ச்ச வேண்டும். தட்டைச் சாய்த்தால் அதிகப்படியான பால் வழிந்து, நான்கிலும் ஒரே அளவு நிற்கும். அதே அளவு கரைசலை ஊற்றித் தட்டை வட்டமாகச் சுழற்ற வேண்டும். நல்ல பால் என்றால் தண்ணீர் மாதிரியே ஓடும். நோய் இருந்தால் முதலில் லேசாகப் பிசுபிசுக்கும். இன்னும் அதிகம் இருந்தால் கெட்டியாகும். மிக அதிகமானால் பாதி வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல நடுவில் குவிந்து, தட்டைச் சாய்த்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணால் பார்த்தே மதிப்பெண் போடலாம். எதிர்மறை, சந்தேகம், 1, 2, 3. மூன்று என்றால் ஒரு மில்லிலிட்டர் பாலில் சுமார் 50 லட்சம் அணுவுக்கு மேல். எதிர்மறை என்றால் 2 லட்சத்துக்குள். எண்ணிக்கை துல்லியமாகக் கிடைக்காதுதான். ஆனால் "இந்த மாடு, வலது பின்காம்பு" என்று விரல் நீட்டிக் காட்டிவிடும். மாட்டுக்காரருக்கு வேண்டியதும் அதுதானே?

இதை மின்சாரமில்லாத தொழுவத்தில் செய்யலாம். படிப்பறிவு இல்லாதவரும் செய்யலாம். செலவு சொற்பம். ஒரு கண்டுபிடிப்பு பரவ இதற்கு மேல் என்ன வேண்டும்! 1990-களில் பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி இறங்கி, கடையில் விற்கும் சர்ஃப் சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்தே இந்தச் சோதனையைச் செய்து காட்டினார்கள். சர்ஃப் சோதனை என்றே அதற்குப் பெயர். டேவிஸில் சலவைத்தூள் சரக்கோடு ஆரம்பித்தது, பஞ்சாபின் தொழுவங்களில் மறுபடி சலவைத்தூளுக்கே வந்துவிட்டது.

இங்கே ஒரு கேள்வி. சோப்புக்கரைசல் பட்டால் பால் ஏன் கெட்டியாக வேண்டும்? சோதனை வந்து சில வருடங்கள் வரைக்கும் இதற்குத் திட்டவட்டமான பதில் இல்லை. 1962-ல் கேரல் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து ஷால்ம் இதற்கு ஓர் அழகான சோதனை செய்தார். டி.என்.ஏ.வை மட்டும் வெட்டித் துண்டாக்கும் ஒரு நொதி உண்டு. நோயுள்ள பாலில் முதலில் அந்த நொதியைச் சேர்த்துவிட்டுப் பிறகு கரைசலை ஊற்றினார்கள். பால் கெட்டியாகவில்லை. அதாவது, அந்தக் குழைவு வெள்ளணுக்களின் டி.என்.ஏ. சோப்பு வெள்ளணுவின் தோலை உடைக்கிறது, உள்ளே சுருண்டு கிடந்த நீளமான டி.என்.ஏ. இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நூல்கண்டு கலைந்து சிக்கலானது மாதிரி. தட்டில் நாம் பார்ப்பது கிருமியையே இல்லை. கிருமியோடு சண்டை போட வந்த பசுவின் சொந்த வீரர்களைத்தான்.

இதுவரை கதை நேர்க்கோடு. வெள்ளணு அதிகம், ஆகவே நோய். வெள்ளணு குறைவு, ஆகவே ஆரோக்கியம். 1910-ல் சீழ் என்று பயந்தவர்களின் எண்ணத்துக்கு 1957-ல் ஒரு கருவி கிடைத்தது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஷால்ம் அதோடு நின்றிருந்தாலே அவர் பெயர் நின்றிருக்கும். அவர் நிற்கவில்லை.

1964-ல் ஷால்ம், லாஸ்மானிஸ், கேரல் மூவரும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கோலிபார்ம் என்பது குடலிலும் சாணியிலும் வாழும் ஒரு கிருமிக் குடும்பம். ஈ.கோலை இதில் ஒன்று. மடிக்குள் இவை நுழைந்தால் சில மணி நேரத்தில் மாடு விழுந்துவிடக்கூடும். காரணம், கிருமியின் மேலுறையிலிருந்து வெளியாகும் நஞ்சு. அந்தக் குடும்பத்தில் அன்று ஏரோபேக்டர் ஏரோஜீன்ஸ் என்று அழைக்கப்பட்ட ஒரு கிருமியை எடுத்து மடிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பாலில் வெள்ளணு மிகக் குறைவாக இருந்த, அதாவது சி.எம்.டி. தட்டில் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடிய காம்புகளில் கிருமி வளர்ந்து கடுமையான நோய் வந்தது. ஏற்கெனவே வெள்ளணுக்கள் குவிந்திருந்த காம்புகளிலோ கிருமியால் நிலைக்கவே முடியவில்லை!

கொஞ்சம் நிதானமாக யோசித்தால்தான் இது எவ்வளவு சங்கடமான முடிவு என்று தெரியும். எந்த அணுவைப் பார்த்ததும் "நோய்" என்று சொல்லும் சோதனையைக் கண்டுபிடித்தாரோ, அதே மனிதர், அந்த அணுதான் பசுவைக் காப்பாற்றுகிறது என்று காட்டுகிறார். காவலர்கள் நிறையப் பேர் நிற்கும் தெருவில் ஏதோ கலவரம் என்று அர்த்தம். அதற்காகக் காவலர்களை எல்லாம் அப்புறப்படுத்தினால் தெரு அமைதியாகிவிடுமா?

அப்புறப்படுத்தியும் பார்த்தார்கள். வெள்ளணுக்களில் கிருமியை விழுங்கிக் கொல்லும் முன்வரிசை வீரர்களின் பெயர் நியூட்ரோஃபில். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் சுற்றி, அழைப்பு வந்ததும் திசுவுக்குள் இறங்குபவை. மாட்டின் வெள்ளணுக்களைக் குதிரைக்கு ஊசி போட்டால், குதிரையின் உடம்பு அவற்றுக்கு எதிரான பொருளை உண்டாக்கும். அந்தக் குதிரையின் சீரத்தை எடுத்து மாட்டுக்குச் செலுத்தினால் மாட்டின் நியூட்ரோஃபில்கள் அழிந்துவிடும். இப்படி நியூட்ரோஃபில் இல்லாத பசுக்களை உண்டாக்கி அவற்றின் மடிக்குள் அதே கோலிபார்ம் கிருமியைச் செலுத்திய ஆராய்ச்சி 1968-ல் வந்தது. ஜெயின், ஷால்ம், கேரல், லாஸ்மானிஸ் நால்வரின் வேலை. அதைவிடப் பேசப்பட்டது 1976-ல் வந்தது. இந்த முறை அவர்கள் எடுத்துக்கொண்டது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி மடியில் நாள்பட்டுக் குடியிருந்த பசுக்களை. வெளியே அறிகுறி ஒன்றும் பெரிதாக இல்லாத, மாட்டுக்காரர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூடிய நோய். குதிரைச் சீரம் செலுத்தி ரத்தத்திலும் மஜ்ஜையிலும் நியூட்ரோஃபில்களை ஒழித்ததும், சாதுவாக இருந்த அதே கிருமி மடியின் சதையை அழுக வைத்துவிட்டது. கிருமி மாறவில்லை. புதிதாக எதையும் செலுத்தவும் இல்லை. காவல் போனது, அவ்வளவுதான்.

பசுவுக்கு இது கொடுமையான சோதனை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மடி அழுகும் வேதனை சாதாரணமானதல்ல. ஆனால் அந்தச் சோதனை சொன்ன செய்தி பெரியது. நாள்பட்ட மடிநோய் என்பது கிருமி சும்மா தூங்கிக்கொண்டிருக்கும் நிலை இல்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணி நேரமும் பசு தன் மஜ்ஜையிலிருந்து படையை அனுப்பி, கிருமியை அந்த ஒரு காம்புக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிற நிலை. வருடக்கணக்கில் நடக்கும் போர். அதற்கான செலவைப் பசு பாலில் கழித்துக்கொள்கிறது.

எவ்வளவு கழிக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 1982-ல் ராபர்டாஸ், ஷூக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, பாலின் அணு எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் முதல் ஈத்துப் பசு ஒரு கறவைக் காலத்தில் சுமார் 90 கிலோ பாலையும், அதற்கு மேற்பட்ட ஈத்துப் பசு சுமார் 180 கிலோ பாலையும் இழக்கிறது. மில்லிலிட்டருக்கு 50,000 இருக்க வேண்டிய இடத்தில் 8 லட்சம் இருந்தால் நான்கு முறை இரட்டித்திருக்கிறது. வயதான பசு என்றால் 700 கிலோவுக்கு மேல் போச்சு. மடியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பால் வெள்ளையாகத்தான் இருக்கும். 700 கிலோ பாலுக்கு இன்று என்ன விலை என்று அவரவர் ஊர் சொசைட்டி விலையில் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பெரிய படை இருந்தும் பசு ஏன் ஜெயிப்பதில்லை என்ற கேள்வி இயல்பாக வரும். அதற்குப் பதில் போர்க்களத்தில் இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும் நியூட்ரோஃபில், பாலுக்குள் வந்ததும் மந்தமாகிவிடுகிறது. பாலில் கொழுப்பு உருண்டைகள், கேசின் துகள்கள் எல்லாம் மிதக்கின்றன. கண்ணில் பட்டதை விழுங்குவது நியூட்ரோஃபிலின் சுபாவம். கிருமிக்குப் பதிலாக வெண்ணெயைத் தின்று வயிறு நிரம்பிப் போகிறது! போதாக்குறைக்குப் பாலில் ஆக்சிஜனும் குறைவு. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் 1970-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது, வீரன் எந்த நிலையில் இருக்கிறான் என்றும் பார்க்க வேண்டும் என்பது அங்கிருந்து தெளிவானது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் கதை வேறு பாதையில் போனது. ரெடிங் நகருக்குப் பக்கத்தில் ஷின்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் நீவ், டாட், கிங்வில் முதலானோர் 1960-களில் பெரிய அளவில் பண்ணை ஆராய்ச்சி நடத்தினார்கள். பசுவின் எதிர்ப்புச் சக்தியில் அவர்கள் கை வைக்கவில்லை. கறந்து முடித்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்குவது, பால் வற்றவிடும் நேரத்தில் எல்லா மாட்டுக்கும் மடியில் மருந்து ஏற்றுவது, திரும்பத் திரும்ப நோய் வரும் மாட்டைக் கழித்துவிடுவது, கறவை இயந்திரத்தைச் சரியாகப் பராமரிப்பது என்று நடைமுறை வழி. ஐந்து அம்சத் திட்டம் என்று பெயர் பெற்ற இது பணக்கார நாடுகள் எங்கும் பரவியது. தொற்றும் வகை மடிநோய் விழுந்தது. அணு எண்ணிக்கையும் விழுந்தது. பால் வாங்கும் நிறுவனங்கள் எண்ணிக்கை குறைவான பாலுக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆரம்பித்தன. சட்டமும் வந்தது. அமெரிக்கா மில்லிலிட்டருக்கு 10 லட்சம் என்றிருந்த உச்சவரம்பை 1993-ல் 7.5 லட்சமாகக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 4 லட்சம்.

அணு குறைய, காசு கூட. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவான, மிகச் சுத்தமான பண்ணைகளில் திடீர் திடீரென்று ஈ.கோலை மடிநோய் வந்து மாடுகள் விழுந்தன. ஷால்மின் 1964 சோதனை மறுபடி பேச்சுக்கு வந்தது. எண்ணிக்கையை இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் மடியில் காவலே இல்லாமல் போய்விடுமா? சில நாடுகளில் இது பெரிய விவாதமாகவே நடந்தது. சிலர் வேண்டுமென்றே மடிக்குள் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்து, அந்த உறுத்தலால் வெள்ளணுவைக் கூட்டிப் பார்க்கும் அளவுக்குப் போனார்கள். அது பண்ணைகளில் நிலைக்கவில்லை.

பின்னாளில் கிடைத்த பதில் இரு தரப்புக்கும் பாதிப் பாதி. எப்போதும் பாலில் நிற்கும் காவலர் எண்ணிக்கையைவிட, அழைப்பு மணி அடித்ததும் ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாகப் புதுப்படை வந்து இறங்குகிறது என்பதுதான் ஈ.கோலை விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த வேகம் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கன்று ஈனுவதற்குச் சற்று முன்னும் ஈன்ற சில வாரங்களிலும் பசுவின் நியூட்ரோஃபில்கள் சோர்ந்துபோகின்றன. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் உள்ள தேசியக் கால்நடை நோய் மையத்தில் கெர்லி குழுவினர் 1980-களின் கடைசியில் இதை அளந்து காட்டினார்கள். கடுமையான மடிநோய் கன்று ஈன்ற கையோடு ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் தீவனத்தில் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பது ஒஹையோவில் ஸ்மித் குழுவினர் 1984-ல் காட்டியது.

ஷால்ம் குதிரைச் சீரத்தால் செய்ததை இயற்கை வேறு விதத்தில் செய்துகொண்டிருந்தது என்பதும் இந்த ஏம்ஸ் குழுவால்தான் தெரிய வந்தது. சில ஹோல்ஸ்டீன் கன்றுகள் மாறி மாறி நோய் வந்து சின்ன வயதிலேயே செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் நியூட்ரோஃபில் குவிந்து கிடக்கும்! ஆனால் அவற்றுக்கு ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே இறங்கத் தேவையான ஒரு புரதம் பழுது. படை முகாமை விட்டே கிளம்ப முடியாது. 1992-ல் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் 1952-ல் பிறந்த ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஒரே பொலிகாளையில் போய் நின்றது. பால் அதிகம் தரும் மகள்களைக் கொடுத்த காளை என்பதால் அதன் சந்ததியின் விந்து சினை ஊசிக்காக எங்கும் விற்றிருந்தது. அப்போது சோதித்த அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் 14 சதவீதம் இந்தக் குறையைச் சுமந்துகொண்டிருந்தன. சோதனை வந்ததும் அவற்றை வேகமாக விலக்கிவிட்டார்கள். ஒரே சரக்கில் மொத்த முதலீட்டையும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வணிகவியல் பாடப் புத்தகத்தில் கூட இவ்வளவு நல்ல உதாரணம் கிடையாது.

ஷால்ம் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1961-ல் அவர் எழுதிய 'வெட்டரினரி ஹெமட்டாலஜி' புத்தகத்தின் நான்காம் பதிப்பை, அவரோடு 1968, 1976 சோதனைகளில் வேலை செய்த ஜெயின் 1986-ல் கொண்டுவந்தார். அப்போது தலைப்பிலேயே ஷால்மின் பெயரைச் சேர்த்தார்கள். 2022-ல் ஏழாம் பதிப்பு வந்திருக்கிறது.

அதே 2022, ஜனவரி 28-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நோய் வருமுன் காப்பு என்ற பெயரில் மாடுகளுக்கு வழக்கமாக ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது. பால் வற்றவிடும்போது எல்லா மாட்டுக்கும் மடியில் மருந்து ஏற்று என்ற ஷின்ஃபீல்டு காலத்து அறிவுரை இதோடு அங்கே முடிவுக்கு வந்தது. இனி எந்த மாட்டுக்கு மருந்து வேண்டும், எதற்குக் காம்புத் துளையை அடைத்துவிட்டால் மட்டும் போதும் என்று மாடு மாடாகப் பார்த்து முடிவு செய்தாக வேண்டும். கிருமி வளர்த்துப் பார்க்கலாம், அதற்கு ஒரு நாளாவது ஆகும். இயந்திரத்தில் அணு எண்ணிக்கை எடுக்கலாம், ஆனால் வழக்கமாக வரும் அறிக்கை மாட்டுக்குத்தான் இருக்கும், காம்புக்கு இருக்காது. அதனால் பல பண்ணைகளில் மாட்டை வற்றவிடுவதற்கு முன் பழைய நான்கு குழித் தட்டைத்தான் கழுவி எடுக்கிறார்கள்.